திறந்து கிடந்த லாட்ச், தூக்கம் கெட்ட ராத்திரி: விமான மெக்கானிக்குகளுக்கு ‘ஹியூமன் ஃபேக்டர்ஸ்’ பாடம் எதுக்கு? சேலம், நாமக்கல் மாணவர்கள் ஏன் கவனிக்கணும்?

2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்து நடந்து சில நாட்களில், டெல்லி, மும்பை போன்ற பெரிய விமான நிலையங்களில் டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ராத்திரியிலும் விடியற்காலையிலும் சோதனை நடத்தியது. ஜூன் 24-ம் தேதி அதன் முடிவுகளை வெளியிட்டது. ஒருமுறை சரிசெய்ததாகச் சொன்ன கோளாறு அதே விமானத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பராமரிப்பு வேலையில் ‘வொர்க் ஆர்டர்’ படி வேலை நடக்கவில்லை. விமானத்தின் கணினியே காட்டிய கோளாறு, டெக்னிக்கல் லாக் புக்கில் ஏறவில்லை. சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய லைஃப் ஜாக்கெட் சரியாகப் பொருத்தப்படவில்லை.

அன்றைக்கு இது பிரேக்கிங் நியூஸ். எந்த ஏர்லைன்ஸ், யார் அந்த இன்ஜினீயர், என்ன நடவடிக்கை என்று மூன்று கேள்வி கேட்டோம். அடுத்த நாள் வேற செய்தி வந்துவிட்டது. (அகமதாபாத் விபத்துக்கு என்ன காரணம் என்பது தனி விசாரணை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது கிடையாது.)

நாம கேட்காமல் விட்ட நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் வாங்கின, அனுபவம் உள்ள, வேலை தெரிந்த ஒரு ஆள் ஏன் வொர்க் ஆர்டரைப் பின்பற்றாமல் போகிறார்? உலகம் முழுக்க விமான மெக்கானிக்குகளுக்கு இதையே ஒரு பாடமாக நடத்துகிறார்கள். அதன் பெயர் ஹியூமன் ஃபேக்டர்ஸ். தமிழில் மனிதக் காரணிகள் என்று எழுதலாம். தமிழ் பி.ஏ படித்த எனக்கே அந்தச் சொல் கொஞ்சம் விறைப்பாகத்தான் தெரிகிறது. அதனால் ஆங்கிலப் பெயரிலேயே போவோம்.

சேலத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் 1993-ல் தொடங்கியது. விமானம் வரும், நிற்கும், மறுபடி வரும் என்பதுதான் அதன் வரலாறு. 2018-ல் ட்ரூஜெட் வந்தது, பிறகு நின்றது. 2023 அக்டோபரில் உடான் திட்டத்தில் மறுபடி சேவை தொடங்கியது. இங்கே வந்து போவதெல்லாம் பெரும்பாலும் ஏடிஆர் 72 வகை. இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும், 70 பேருக்கு மேலும் உட்காரக்கூடிய சின்ன விமானம்.

இது பயணிகளுக்கான கணக்கு. வேலைக்கான கணக்கு இன்னும் பெரிது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 மையங்களில் சேலமும் ஒன்று. மற்றவை சென்னை, ஓசூர், கோவை, திருச்சி. அதே என்எச் 44-ல் நாமக்கல்லில் இருந்து வடக்கே சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி தாண்டிப் போனால் ஓசூர். அங்கே பேலகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் ஓடுதளமும், அதை ஒட்டி விமானங்களைப் பிரித்துச் சரிபார்த்துத் திருப்பித் தரும் ஏர் ஒர்க்ஸ் நிறுவனத்தின் ஹேங்கரும் இருக்கின்றன. அந்த நிறுவனத்தை வாங்கப்போவதாக அதானி குழுமம் 2024 டிசம்பரில் அறிவித்தது. ஓசூரில் புதிய சர்வதேச விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்ததும் நினைவிருக்கும்.

ஆக, பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்த நம்ம ஊர்ப் பிள்ளைகள் ‘ஏ.எம்.இ’ என்ற மூன்றெழுத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் இன்ஜினீயர் என்பதன் சுருக்கம் அது. விமானத்தில் வேலை முடிந்ததும், ‘இது பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர்களுக்குத்தான். கைவேலை செய்யும் டெக்னீஷியன்கள் அவர்களுக்குக் கீழே வேலை செய்வார்கள்.

அந்த லைசென்ஸுக்கான தேர்வில் மாட்யூல் 9 என்று ஒரு தாள் உண்டு. ஹியூமன் ஃபேக்டர்ஸ் அதுதான். கண் பார்வை, காது, ஞாபகம், தூக்கம், வெளிச்சம், சத்தம், குழு அழுத்தம், தவறுகளின் வகைகள் எல்லாம் அதில் வரும். என்னோடு ராசிபுரத்தில் பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் ஏ.எம்.இ முடித்தவன். இந்தக் கட்டுரைக்காக அவனிடம் கேட்டேன். “மாட்யூல் 9-ஆ? அது ஈஸிடா. என்ஜின், எலக்ட்ரிக்கல்தான் கண்ணக் கட்டும். இதுக்கு கொஸ்டின் பேங்க் இருக்கு, ஒரு வாரத்துல தட்டிடலாம்” என்றான்.

ஒரு வாரத்தில் தட்டிவிடக்கூடிய அந்தத் தாளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

27 மணி நேரத்துக்கு முன் மாட்டிய கண்ணாடி

1990 ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. விமானம் 17,300 அடியைத் தொட்ட நேரம், கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். கேபின் ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சுமார் 20 நிமிடத்தில் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். செத்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்த கேப்டன் பிழைத்தார். 87 பேரில் ஒருவர்கூட சாகவில்லை.

அந்தக் கண்ணாடி, விமானம் கிளம்புவதற்கு 27 மணி நேரம் முன்புதான் புதிதாக மாற்றப்பட்டது. அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 போல்ட் தடிமன் குறைவு. மீதி 6 நீளம் குறைவு. தடிமனில் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

மாட்டியவர் கத்துக்குட்டியா என்றால் இல்லை. அந்த ஷிஃப்டின் மேனேஜர். நல்ல பெயர் எடுத்தவர். அன்றைக்கு ஆள் குறைவு; அதனால் ‘நானே மாட்டிடறேன்’ என்று இறங்கினார். சுமார் 5 வாரத்துக்குப் பிறகு அவருக்கு அதுதான் முதல் நைட் ஷிஃப்ட். விடிகாலை 3 மணிக்கு மேல் வேலை. பழைய கண்ணாடியில் இருந்து கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதேபோல் புதுசு தேடினார். புத்தகத்தில் பார்ட் நம்பர் பார்க்கவில்லை. ஸ்டோரில் இருந்தவர், இதுக்கு வேற போல்ட் போடுவார்கள் என்று சரியான எண்ணையும் சொன்னார். இவர் கேட்கவில்லை. ஏனென்றால் கழற்றிய பழைய போல்ட்டே தவறானது. ஆனால் அது 4 வருஷம் பிரச்சினை இல்லாமல் ஓடியிருக்கிறது! ஸ்டோரில் தேவையான அளவுக்கு இருப்பு இல்லை. வேறொரு இடத்தில் இருந்த பார்ட்ஸ் டப்பாக்களில், மங்கலான வெளிச்சத்தில், கண்ணால் பார்த்தே ஜோடி சேர்த்தார். முடுக்கும்போது போல்ட் தலை குழிக்குள் சரியாக நிரம்பவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் எட்டி நின்ற கோணத்தில் அவர் கையே அதை மறைத்தது. இன்னொருவர் வந்து சரிபார்க்க வேண்டும் என்ற விதி, அந்தக் கண்ணாடி வேலைக்கு அப்போது இல்லை.

இதில் எங்கே நிறுத்தி ‘குற்றம் இங்கேதான்’ என்று விரல் வைப்பீர்கள்? புத்தகம் பார்க்காதது அவர் தப்புத்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆள் குறைவு, ஸ்டோரில் இருப்பு குறைவு, வெளிச்சக் குறைவு, இரண்டாவது கண் இல்லாதது, ஏற்கெனவே மாட்டியிருந்த தவறான போல்ட், இவற்றில் எதையும் அவரைத் தண்டித்துச் சரிசெய்ய முடியாது. ஷிஃப்டில் வேறு மேனேஜர் இருந்திருந்தாலும், அந்த டப்பாக்கள் அதே இருட்டில்தான் இருந்திருக்கும்.

‘டர்ட்டி டஜன்’

இந்த மாதிரி சம்பவங்கள் 1980-களின் கடைசியில் வரிசையாக வந்தன. 1988-ல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் விமானத்தின் மேற்கூரையே பறந்தது. விரிசல்களைப் பராமரிப்புச் சோதனையில் கண்டுபிடிக்கவில்லை. அப்போதுதான் விமானி அறையைத் தாண்டி ஹேங்கர் பக்கமும் உலகம் திரும்பியது. 1993-ல் கனடா போக்குவரத்துத் துறையில் இருந்த கார்டன் டூபான்ட், மெக்கானிக்குகள் தவறு செய்ய வைக்கும் 12 காரணங்களைப் பட்டியல் போட்டார். அதுதான் ‘டர்ட்டி டஜன்’. இன்றைக்கு உலகில் எந்த ஹேங்கருக்குப் போனாலும் அந்தப் போஸ்டரைப் பார்க்கலாம்.

பன்னிரண்டையும் இங்கே எழுதப் போவதில்லை; கூகுளில் ஒரு நொடியில் கிடைக்கும். நம்ம ஊருக்கு நன்றாகப் பொருந்தும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, களைப்பு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. விமானப் பராமரிப்பில் பெரும் பகுதி ராத்திரி வேலை. பகலில் விமானம் பறந்து சம்பாதிக்கும். ராத்திரிதான் மெக்கானிக் கைக்குக் கிடைக்கும். லோடு அடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஓட்டும் லாரி டிரைவர்களைப் பார்த்து வளர்ந்த நாமக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ‘நார்ம்ஸ்’. புத்தகத்தில் ஒன்று இருக்கும், தரையில் வேறொன்று நடக்கும். ‘இங்க எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க’ என்ற வாக்கியம்தான் அது. புதுசாக வருகிற பையன் புத்தகத்தைவிட இதைத்தான் முதலில் கற்றுக்கொள்வான்.

மூன்றாவது, வாய் திறக்கத் தயங்குவது. பட்டறையில் மேஸ்திரி சொன்னால் சொன்னதுதான். எதிர்க்கேள்வி கேட்டால் ‘பெரிய இவனாட்டம் பேசறான்’ என்று பெயர் வந்துவிடும். பள்ளியிலும் அப்படி, வீட்டிலும் அப்படி. அந்தப் பழக்கத்தோடு ஒரு 21 வயசுப் பையன் ஹேங்கருக்குள் போகிறான். சீனியர் கையெழுத்துப் போடும்போது, ‘சார், அந்தப் போல்ட்டை நான் இன்னும் டார்க் பண்ணலைங்க’ என்று சொல்ல அவனுக்கு வாய் வருமா? மாட்யூல் 9-ல் இதற்கான கேள்விக்குச் சரியான பதிலை டிக் அடித்திருப்பான். சொல்லத் தைரியம் வருவது வேறு விஷயம்.

இந்தியாவில் இது வெறும் தியரி இல்லை. 2015 டிசம்பர் 16-ம் தேதி மும்பையில், ஹைதராபாத் கிளம்பத் தயாரான ஏர் இந்தியா விமானத்தைப் பின்னால் தள்ளும் வேலையில் இருந்த டெக்னீஷியன், ஓடிக்கொண்டிருந்த என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். 2019 ஜூலை 10-ம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு கொல்கத்தாவில், ஸ்பைஸ்ஜெட் க்யூ400 விமானத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பயிற்சி டெக்னீஷியன், சக்கரக் கதவு திடீரென்று மூடியதில் சிக்கி உயிரிழந்தார். க்யூ400 சேலத்துக்கு வரும் ஏடிஆர் போலவே காற்றாடி விமானம். பராமரிப்பில் தவறு நடந்தால் பயணிக்கு ஆபத்து என்று மட்டும் பேசுகிறோம். முதலில் சாவது பல நேரம் அங்கே வேலை செய்கிறவன்தான்.

தப்பான விமானத்துக்குப் போன இருவர்

இந்த விஷயத்தில் எனக்கு மறக்கவே முடியாத சம்பவம் 2013 மே 24-ம் தேதி லண்டன் ஹீத்ரோவில் நடந்தது. ஓஸ்லோ கிளம்பிய ஏர்பஸ் ஏ319. ரன்வேயில் ஓடி மேலே ஏறும்போதே இரண்டு என்ஜின்களின் வெளிக்கவரும் பிய்ந்து பறந்தன. ஒரு பக்கம் எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. திரும்பி வந்து இறக்கினார்கள். 80 பேரும் தப்பினார்கள்.

முந்தின ராத்திரி இரண்டு டெக்னீஷியன்கள் அந்த விமானத்தின் என்ஜின் கவர்களைத் திறந்து ஆயில் அளவு பார்த்தார்கள். ஆயில் ஊற்றத் தேவையான கருவி கையில் இல்லை. ‘எடுத்துட்டு வந்து முடிச்சுக்கலாம்’ என்று, கவரை இறக்கிவிட்டு, லாட்ச் போடாமல் போனார்கள். இடையில் வேற வேலைகள். பிறகு கருவியோடு திரும்பி வந்தார்கள், ஆனால் வேறொரு விமானத்துக்கு. அதே கம்பெனி, அதே மாதிரி விமானம், வேறு ஸ்டாண்ட். அங்கே கவர்கள் ஒழுங்காகப் பூட்டியிருந்தன. ‘யாரோ மூடிட்டாங்க போல’ என்று நினைத்தார்கள். திறந்து பார்த்தால் ஆயிலும் போதுமான அளவு இருந்தது. மூளை அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நிஜமான விமானம் லாட்ச் இல்லாமல் காலையில் கிளம்பியது. அந்த லாட்ச்கள் என்ஜினின் அடிவயிற்றில், குனிந்து பார்த்தால்தான் தெரியும் இடத்தில் இருப்பவை. கிளம்பும் முன் சுற்றிப் பார்த்த விமானியின் கண்ணிலும் படவில்லை. விசாரணை அறிக்கை, டெக்னீஷியன்களின் களைப்பையும் கூடுதல் நேர வேலையையும் பேசியது.

இதற்கு என்ன தீர்வு? ‘இனிமேல் கவனமாக இருங்கள்’ என்று ஒரு சர்க்குலர் அனுப்பலாம். அதற்கு முன்பும் ஏ320 குடும்ப விமானங்களில் கவர் பறந்த சம்பவங்கள் பல, சர்க்குலர்களும் பல. கடைசியில் லாட்சையே மாற்றினார்கள். புது லாட்சைத் திறக்க ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியில் சிவப்புக் கொடி தொங்கும். லாட்சை முழுசாகப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். அந்தச் சாவி இருக்க வேண்டிய இடம் விமானி அறை. சாவி அங்கே இல்லை என்றால் கவர் எங்கோ திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். தூக்கம் கெட்ட ஒருவனின் ஞாபகத்தை நம்ப வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நாமக்கல்லில் இருக்கும் என் மாமாவின் லாரிப் பட்டறை. சில வருஷம் முன்னால், பின் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்த பையனை, ‘டேய், இந்தப் பக்கம் வந்து ஒரு கை புடி’ என்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். பாதி நட்டு கையால் சுற்றியதோடு நின்றது. டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பரமத்தி வேலூர் போவதற்குள் சக்கரம் ஆட, நல்லவேளையாக அவரே கவனித்து நிறுத்தினார். மாமா அந்தப் பையனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினார். ஆறேழு மாசத்தில் வேற ஒரு பையன், வேற ஒரு வண்டி, அதே மாதிரி லூஸ் நட்டு. “பையன மாத்திப் பார்த்தேன் கண்ணு, நட்டு மறுபடியும் லூஸாத்தான் போச்சு” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போது அவர் பட்டறையில் ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் போட்டு முடுக்கியதும் நட்டுக்கும் ரிம்முக்கும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. கோட்டை அவரோ பெரிய மேஸ்திரியோ பார்க்கும்வரை வண்டிச் சாவி டிரைவர் கைக்குப் போகாது. எந்த மாட்யூலும் படிக்காதவர் அவர்.

அப்போ யாரையும் தண்டிக்கவே கூடாதா?

அப்படியும் இல்லை. ஹியூமன் ஃபேக்டர்ஸ் பாடத்திலேயே இதற்குத் தெளிவான கோடு உண்டு. மறதி, கவனம் சிதறல், தவறாகப் புரிந்துகொள்வது ஆகியவை ஒரு வகை. செய்யாத வேலைக்குச் செய்ததாகக் கையெழுத்துப் போடுவது, தெரிந்தே விதியை மீறுவது வேறு வகை. முதல் வகையில் தண்டனை உதவாது. இரண்டாவதில் நடவடிக்கை வேண்டும். இப்படிப் பிரித்துப் பார்க்கும் முறையை ‘ஜஸ்ட் கல்ச்சர்’ என்கிறார்கள். இதற்கு நடைமுறையில் ஒரு எளிய சோதனையும் உண்டு. அதே அனுபவம் உள்ள வேறொருவரை அதே ராத்திரி, அதே வெளிச்சம், அதே அவசரத்தில் நிறுத்தினால் அவரும் இதைத்தான் செய்திருப்பாரா? ஆமாம் என்றால் பிரச்சினை அந்த ஆள் கிடையாது.

1996-ல் பெரு நாட்டில் நடந்ததைப் பாருங்கள். ஏரோபெரு 603 விமானத்தைக் கழுவிப் பாலிஷ் போடும்போது, உயரத்தையும் வேகத்தையும் அளக்க உதவும் துளைகளை டேப் ஒட்டி மூடினார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார்கள். அந்த டேப் பளிச்சென்று கண்ணில் படும் நிறத்திலும் இல்லை. விமானிகளுக்கு நடுராத்திரிக் கடல் மேல் உயரமும் தெரியவில்லை, வேகமும் தெரியவில்லை. 70 பேரும் இறந்தார்கள். டேப் ஒட்டிய ஊழியருக்குத் தண்டனை கிடைத்தது. டேப்பின் நிறம் என்ன என்று சொல்லித்தர வேண்டியவர்கள், எடுத்தாச்சா என்று பார்த்திருக்க வேண்டியவர்கள், கிளம்பும் முன் சுற்றிப் பார்த்தவர்கள் என்று அந்தச் சங்கிலியில் பல பேர் உண்டு.

அதற்கு 22 வருஷம் கழித்து, 2018 ஜூலை 18-ம் தேதி ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்து கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸ் விமானம், வேகத்தை அளக்கும் குழாய்களின் உறையைக் கழற்றாமலேயே மேலே ஏறியது. பத்திரமாகத் திரும்பி இறங்கிவிட்டது. பெருவில் ஒருவரைத் தண்டித்தது பிரிஸ்பேனில் அந்த உறையைக் கழற்றிவிடவில்லை.

இந்தியாவில் விதி என்ன சொல்கிறது?

ஐரோப்பிய விதிகளை ஒட்டி எழுதப்பட்ட நம்முடைய சிஏஆர் 145, பராமரிப்பு நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு ஹியூமன் ஃபேக்டர்ஸ் பயிற்சியைக் கட்டாயமாக்குகிறது. ஒருமுறை படித்தால் போதாது, குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும். ஐரோப்பாவில் அது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. ஷிஃப்ட் போடும்போது மனித உடம்பின் வரம்பைக் கணக்கில் எடுக்க வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது முடிந்த வேலை, முடியாத வேலை எல்லாவற்றையும் முறையாக ஒப்படைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சம்பவங்களை ஊழியர்கள் தாங்களாகவே முன்வந்து தெரிவிக்கும் முறையும் டிஜிசிஏ-வில் உண்டு.

பேப்பரில் எல்லாம் சரி. உரசல் எங்கே வருகிறது என்றால், ஒரு சம்பவம் நடந்ததும் நாம் வழக்கமாகப் பார்க்கும் முதல் செய்தி என்ன? ‘சம்பந்தப்பட்ட இன்ஜினீயர் பணியில் இருந்து விடுவிப்பு.’ விசாரணை முடியும்வரை ஒருவரை ஒதுக்கி வைப்பது சில நேரம் நியாயமாக இருக்கலாம். ஆனால் பக்கத்து ஹேங்கரில் அதே தவறைச் செய்து, நல்லவேளையாக யாருக்கும் தெரியாமல் சரிசெய்த ஒருவர் அந்தச் செய்தியைப் படிக்கிறார். நாளைக்குத் தன் கதையைத் தானே போய்ச் சொல்வாரா? சொல்ல மாட்டார். அந்த லாட்ச், அந்த இருட்டு டப்பா, அந்த ஆள் குறைவு எதுவும் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். அமெரிக்காவில் 1976-லேயே இதை யோசித்து, தவறுகளைச் சொல்லும் ரகசிய அமைப்பை விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்தார்கள். லைசென்ஸைப் பறிக்கும் அதிகாரம் உள்ள ஆபீஸிடமே யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் 24 அறிக்கையை இந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். ‘வொர்க் ஆர்டர் பின்பற்றப்படவில்லை’ என்ற வரி இருக்கிறது. அந்த ராத்திரி அந்த இன்ஜினீயர் எத்தனை விமானம் பார்த்தார், கேட்ட பார்ட் ஸ்டோரில் இருந்ததா, விமானம் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நெருக்கினார்கள் என்ற வரிகள் இல்லை. அவர் சோம்பலில் விட்டாரா, முடியாமல் விட்டாரா என்பது அந்த ஒற்றை வரியில் தெரியாது. செய்தி போட்ட நாங்களும் கேட்கவில்லை.

வேலை நேரம் பற்றி ஒன்று. விமானிகளின் ஓய்வு நேர விதி 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது வீட்டுக்கு வீடு பேச்சானது. விமானி எத்தனை மணி நேரம் பறக்கலாம், எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்பது நம்ம அத்தை, சித்திகளுக்குக்கூட அன்றைக்குத் தெரிந்தது. விமானத்தைச் சரிபார்த்து அனுப்புகிறவரும் அதே ராத்திரி கண் விழிக்கிறவர்தான். தங்களுக்கும் அதேபோல் கறாரான மணிக்கணக்கு வேண்டும் என்று ஏ.எம்.இ-க்கள் நீண்ட நாளாகக் கேட்டு வருகிறார்கள். அது பிரேக்கிங் ஆனதில்லை.

ஏ.எம்.இ சேரப் போகிறீர்களா?

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்தில் இருந்து இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சில விஷயங்கள். கோர்ஸ் செலவு லட்சக்கணக்கில் வரும்; லாரியை அடமானம் வைத்தோ, கோழிப்பண்ணை வருமானத்தில் இருந்து எடுத்தோ கட்டுகிற குடும்பங்கள் இங்கே உண்டு. எனவே முதல் வேலை, அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏ-வின் சிஏஆர் 147 அங்கீகாரம் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்று டிஜிசிஏ இணையதளப் பட்டியலில் பார்ப்பது. நோட்டீஸில் ‘அரசு அங்கீகாரம்’ என்று மொட்டையாகப் போட்டிருந்தால் நம்பிவிட வேண்டாம். பி1.1 என்பது டர்பைன் என்ஜின் விமானங்களுக்கு, பி2 என்பது எலக்ட்ரானிக்ஸ் பக்கத்துக்கு. எதில் சேருகிறீர்கள் என்று தெரிந்து சேருங்கள். கோர்ஸ் முடிந்ததும் லைசென்ஸ் கையில் வந்துவிடாது. தேர்வுகளும், நிஜ விமானத்தில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். அந்த அனுபவம் எந்த ஹேங்கரில், எத்தனை மாதம், எந்த வகை விமானத்தில் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கூடவே இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். மாட்யூல் 9 யார் எடுக்கிறார், எப்படி எடுக்கிறார்? ஹேங்கரில் வேலை பார்த்த ஆள் வந்து, நிஜ விசாரணை அறிக்கைகளை வைத்து, ‘நீ இந்த இடத்துல இருந்தா சீனியர்கிட்ட என்ன சொல்லுவே, சொல்லிக் காட்டு’ என்று வகுப்பில் பேச வைக்கிறாரா? அல்லது கொஸ்டின் பேங்க்தானா? கேட்டால் அட்மிஷன் கவுன்டரில் கொஞ்சம் விசித்திரமாகத்தான் பார்ப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

ராசிபுரத்து நண்பனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு எப்போதாவது மாட்யூல் 9 ஞாபகம் வந்ததா? கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஒரு ராத்திரியைப் பற்றிச் சொன்னான். எந்த ஊர், எந்த விமானம் என்று எழுத வேண்டாம் என்றான். ஒரு டூல் பெட்டியில் ஒரு ஸ்பேனர் குறைந்திருக்கிறது. விமானம் கிளம்ப 40 நிமிடம்தான் இருந்தது. “சொல்லிட்டேன்டா. ஒன்றரை மணி நேரம் லேட். ஸ்பேனர் கடைசில ட்ராலிக்கு அடியில கெடந்துச்சு. எல்லாரும் என்னய மொறச்சுப் பார்த்தாங்க. ஷிஃப்ட் இன்சார்ஜ் மட்டும் வந்து, ‘டீ சாப்டியா?’ன்னு கேட்டார்.”